தகவல் வரவில்லை என்பதற்காகப் பணத்தை நிறுத்தலாமா?

கேள்வி: ஏழைக் குடும்பங்களுக்கான பண உதவித் திட்டம் ஒன்றில் மாவட்ட ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். பிள்ளைகள் பள்ளிக்குப் போக வேண்டும், தடுப்பூசியும் கர்ப்பகாலப் பரிசோதனையும் தவறக் கூடாது என்பது நிபந்தனை. பணம் தருவது சமூக நலத்துறை. வருகை விவரம் பள்ளியிலிருந்தும் பரிசோதனை விவரம் சுகாதார நிலையத்திலிருந்தும் வர வேண்டும். இரண்டும் நேரத்துக்கு வருவதில்லை. பல குடும்பங்களுக்குப் பணம் நின்றுவிடுகிறது. கூட்டம் போட்டால் மூன்று துறையும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. எங்கே தொடங்குவது?

பதில்: அடுத்த கூட்டத்துக்கு முன் உங்கள் பதிவுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். 'நிறைவேற்றினார்', 'நிறைவேற்றவில்லை' என்று இரண்டே கட்டங்கள் இருந்தால் சிக்கல் அங்கேயே இருக்கிறது. தலைமையாசிரியர் விடுப்பில் போயிருப்பார், அல்லது செவிலியருக்குப் பதிவேற்ற நேரம் கிடைத்திருக்காது. கட்டம் காலியாக வரும். மென்பொருள் அதை 'நிறைவேற்றவில்லை' என்று எடுத்துக்கொண்டு பணத்தை நிறுத்திவிடும். பிள்ளை ஒரு நாள்கூடத் தவறாமல் பள்ளிக்குப் போயிருக்கலாம்.

மூன்றாவதாக ஒரு கட்டம் சேருங்கள்: 'தகவல் வரவில்லை'. அதில் விழும் குடும்பத்துக்குப் பணம் வழக்கம்போலப் போகட்டும். விளக்கம் கேட்கும் கடிதம் தகவல் அனுப்பாத அலுவலகத்துக்குப் போகட்டும். அலுவலகத் தாமதத்துக்கான தண்டனையை ஒரு தாய் அனுபவிக்கக் கூடாது. இதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

அடுத்து, உண்மையாகவே வருகை குறைந்த பிள்ளைகள். பதின்மூன்று வயதுப் பெண் ஒருத்தி இரண்டு மாதமாகப் பாதி நாள்தான் பள்ளிக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பள்ளிக்குத் தெரிந்தது அவ்வளவுதான். அவளுடைய அம்மா பிரசவத்துக்குப் பின் படுத்த படுக்கையாக இருப்பது சுகாதார நிலையத்துக்குத் தெரியும். கைக்குழந்தையை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்பது இரண்டு இடத்திலும் பதிவில் இல்லை. இந்த வீட்டில் பணத்தை நிறுத்தினால் அவள் படிப்பு அதோடு முடிந்தது. துறைகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டிய இடம் இதுதான்.

பிரேசிலில் இதே போன்ற பண உதவித் திட்டமான போல்சா ஃபமிலியாவில் பள்ளி வருகை விழுக்காட்டோடு காரணத்தையும் பதிகிறது. உடல்நலக் குறைவு போன்ற காரணங்களுக்குப் பணம் குறைவதில்லை. மற்றவற்றிலும் முதலில் எச்சரிக்கை, பிறகு தற்காலிக நிறுத்தம் என்று படிப்படியாகத்தான் போகிறார்கள், ரத்து கடைசியில். இதற்கிடையில் உள்ளூர்ச் சமூக உதவி மையம் குடும்பத்தை அணுக வேண்டும். சிலி நாடு ஏழைக் குடும்பங்களுக்காக 2002இல் தொடங்கிய சிலி சோலிதாரியோ திட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. குடும்ப ஆதரவாளர் ஒருவர் வீட்டுக்கே போய், என்ன தேவை என்று குடும்பத்தோடு உட்கார்ந்து பேசி, உரிய துறையோடு இணைத்துவிடுவார். உங்களால் எல்லா வீட்டுக்கும் ஆள் அனுப்ப முடியாது. பணம் நிற்கும் நிலைக்கு வந்த வீடுகளுக்காவது அனுப்புங்கள். களப்பணியாளர் பார்த்து எழுதாமல் எந்த நிறுத்தமும் செல்லாது என்று விதி வையுங்கள்.

பள்ளியும் சுகாதார நிலையமும் ஏன் ஒத்துழைக்க வேண்டும்? அவர்களுக்கு இது கூடுதல் சுமை. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அது நியாயமான மனக்குறை. பிரேசில் 2006இல் நகராட்சிகளின் வேலையை அளக்கும் ஒரு குறியீட்டைக் கொண்டுவந்தது. பயனாளிப் பதிவேட்டை எவ்வளவு ஒழுங்காகப் புதுப்பிக்கிறார்கள், கல்வி, சுகாதாரத் தகவலை எவ்வளவு முழுமையாகத் தருகிறார்கள் என்று பார்த்து, அதற்கேற்ப நகராட்சிகளுக்கு நிர்வாக நிதி தருகிறார்கள். மாவட்ட அளவில் உங்களிடம் நிதி இருக்காது. ஆனால் பதிவேற்ற ஒரு தற்காலிக ஊழியரைத் தரலாம். ஒரே விவரத்தை மூன்று படிவத்தில் கேட்பதை நிறுத்தலாம். இரண்டாவதைச் செய்தாலே பாதி மனக்கசப்பு தீரும்.

குடும்பத்துக்கு மூன்று துறையிலும் ஒரே எண் இருப்பது அவசியம். அதற்காக எல்லாத் தகவலும் எல்லோருக்கும் தெரிய வேண்டியதில்லை. பரிசோதனைக்கு வந்தாரா என்பது போதும். என்ன நோய் என்பது சுகாதார நிலையத்தோடு நிற்கட்டும்.

சேவை இல்லாத இடத்தில் நிபந்தனை வைக்காதீர்கள். மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய ப்ரோக்ரெசா என்ற பண உதவித் திட்டம், பள்ளியும் மருத்துவ வசதியும் எட்டும் தொலைவில் உள்ள ஊர்களைத்தான் முதலில் எடுத்துக்கொண்டது. தடுப்பூசி இருப்பு தீர்ந்த மாதத்தில் தடுப்பூசி போடாத தாயை எப்படிக் குறை சொல்ல முடியும்? அந்த மாதத்தில் அந்த நிலையத்துக்கு நிபந்தனையைத் தளர்த்தும் அதிகாரம் மாவட்டத்திலேயே ஒருவருக்கு எழுத்தில் இருக்க வேண்டும். மேலிடத்துக்குக் கோப்பு போய் வருவதற்குள் அடுத்த தவணையும் போய்விடும்.

கூட்டத்துக்கு இதைத் தயார் செய்யுங்கள். கடந்த தவணையில் பணம் நின்ற குடும்பங்களின் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே காரணம் எழுதுங்கள்: தகவல் வரவில்லை, சேவை இல்லை, எண் பொருந்தவில்லை, உண்மையாகவே தவறியது. முதல் மூன்றில் விழும் குடும்பங்களுக்கு நிலுவையோடு பணம் தர அன்றைக்கே கையெழுத்து வாங்குங்கள். நான்காவதில் விழும் வீடுகளை யார், எந்தத் தேதிக்குள் போய்ப் பார்ப்பது என்று பிரித்துவிட்டுக் கூட்டத்தை முடியுங்கள்.