சத்தம் கேக்கலன்னா ஜெபம் தப்புன்னு அர்த்தம் இல்ல பிரதர்

ஆறு மாசமா தினமும் காலைல ஜெபம் பண்றேன், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் 'கர்த்தர் எங்கிட்ட பேசினார்'னு சொல்றாங்க, எனக்கு மட்டும் ஒண்ணும் கேக்கலன்னு எழுதியிருந்தீங்க. நானும் ரொம்ப நாள் இப்படித்தான் காத தீட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன், கடைசில தூக்கம்தான் வந்துச்சு.

நம்ம லுத்தரன் போதனைல, அதாவது சபை சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தர் வழி வந்த போதனைல, தேவன் பேசறது வெளிய இருந்து வர்ற வார்த்தை வழியா, அதாவது வேதம், பிரசங்கம், ஞானஸ்நானம், திருவிருந்து, அப்புறம் போதகர் 'உன் பாவம் மன்னிக்கப்பட்டது'ன்னு சொல்றாரே அதுவும்தான். மனசுக்குள்ள தோணுறத எல்லாம் தேவ சத்தம்னு எடுத்துக்கறதுல லுத்தருக்கே பெரிய பயம் இருந்துச்சு, அவர் எழுதின ஸ்மால்கால்ட் பிரிவுகள்ங்கற விசுவாச அறிக்கைல இத ரொம்ப காட்டமாவே சொல்லியிருக்கார்.

அவரோட முடி திருத்துறவர் பீட்டர் எப்படி ஜெபிக்கிறதுன்னு கேட்டதுக்கு 1535ல ஒரு பதில் எழுதினார். பத்துக் கட்டளைல ஒண்ண எடுத்து நாலு இழையா பின்னணும்: இது எனக்கு என்ன கத்துக்கொடுக்குது, எதுக்கு நன்றி சொல்லணும், எத அறிக்கை பண்ணணும், என்ன கேக்கணும். அப்படி ஜெபிக்கும்போது ஆவியானவர் உள்ளத்துல பிரசங்கிக்க ஆரம்பிச்சா மத்தத விட்டுட்டு அமைதியா கேளுன்னும் சொல்றார், ஆனா அதுவும் வசனத்த கைல வச்சிக்கிட்டு இருக்கும்போதுதான்.

நாளைக்கு பத்தே நிமிஷம், ஒரே ஒரு வசனம், வாய்விட்டு வாசிங்க. நடுவுல மனசு எங்கயாவது ஓடினா திட்டிக்காதீங்க, திரும்ப வசனத்துக்கு வாங்க. லுத்தர் விசுவாசத்த சொல்லிக்கொடுக்க எழுதின சின்ன ஞானோபதேசத்துல இருக்கற காலை ஜெபம் ரொம்ப சின்னது, முடிச்சதும் சந்தோஷமா வேலைக்குப் போன்னுதான் அதுல இருக்கு.