பழைய நீராவி மண்வாரியின் மாடலை நுணுக்கமாகச் செய்ய எங்கிருந்து தொடங்கலாம்? கேபின் முழுவதும் சுழலும்படி வைக்க வேண்டுமா?

சுழல வேண்டாம். இந்தக் கேபின் விஷயத்தில் எனக்குப் பழைய வயிற்றெரிச்சல் ஒன்று இருக்கிறது, அதனால் இதையே முதலில் சொல்கிறேன்.

நீங்களும் பனாமா கால்வாய்ப் படங்களைப் பார்த்துத்தான் ஆசைப்பட்டிருப்பீர்கள். நான் செய்தது அங்கே வேலை செய்த, பியூசைரஸ் என்ற கம்பெனியின் 95 டன் மண்வாரி, 1:48 அளவில். அது தண்டவாளத்தில் நிற்கிற வண்டி. உடம்பு திரும்பாது, முன்னால் நீட்டிக்கொண்டு வாளியைத் தாங்கும் பெரிய கை, அதாவது பூம், மட்டும் இடமும் வலமும் திரும்பும். வாளியைத் தூக்க ஒரு எஞ்சின், பூமைத் திருப்ப ஒன்று, வாளிக் கையை மண்ணுக்குள் தள்ள பூம் மேலேயே இன்னொன்று. இந்த மூன்றாவதை ஓட்டுகிறவர் பூமை ஒட்டிய சின்ன மேடையில் நின்றபடி, வாளியின் அடிக்கதவையும் கயிறு இழுத்துத் திறப்பார்.

இதையெல்லாம் ஒரு கண்காட்சியில் நடுவரிடம் சொன்னேன். அவர் கேபினை விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, "சுத்தலையே, ஜாம் ஆயிடுச்சா?" என்றார். 1906 நவம்பரில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பனாமாவில் இதே ரக மண்வாரியில் ஏறி உட்கார்ந்த படத்தைக் காட்டினேன். "ஜேசிபி சுத்துதே சார்" என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். நம் தெருவில் குழாய்ப் பள்ளம் தோண்டும் மஞ்சள் ஜேசிபியிலும் பின்னாலுள்ள கைதான் திரும்புகிறது, கேபின் எங்கே சுற்றுகிறது? (முழுதாகச் சுழலும் நீராவி மண்வாரிகளும் இருந்தன. இல்லையென்று சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள்.)

சரி, தொடக்கத்துக்கு வருவோம். வாளி, வாளிக் கை, பூம் மூன்றையும் முதலில் முடியுங்கள். பார்க்கிறவர் கண் அங்கேதான் போகும். சங்கிலிக்குக் கவரிங் கடைக்குப் போனால் பெரும்பாலும் முறுக்கித் தட்டையாக்கிய செயினைத்தான் நீட்டுவார்கள். அது வேண்டாம். ஒரு கண்ணி படுத்தும் அடுத்தது நின்றும் மாறி மாறி வர வேண்டும். அப்படிப்பட்ட பித்தளைச் செயினாகத் தேடி வாங்கிக் கறுப்பேற்றுங்கள். ரிவிட்டுக்கு மெல்லிய பித்தளைத் தகட்டைக் கவிழ்த்து ரப்பர் மேல் வைத்து, முனை மழுங்கிய ஊசியால் அழுத்தினால் மறுபக்கம் புடைக்கும். பக்கத்தில் ஓர் ஆளையும் நிறுத்துங்கள். இந்த அளவில் ஆறடி ஆள் 38 மி.மீ. வருவார். அவர் இல்லாவிட்டால் இயந்திரத்தின் பிரம்மாண்டம் தெரியாது. முழு இயந்திரத்தைப் பார்க்க வேண்டுமென்றால், நியூயார்க் மாநிலத்தின் லெராய் ஊரில் 1906-இல் செய்த மாரியன் 91 என்ற நீராவி மண்வாரி இன்னும் நிற்கிறது. படங்கள் தேடினால் கிடைக்கும்.

அரம் போடுவதைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடியிருப்புச் சங்கத்தில் என் அரச் சத்தத்துக்குப் புகார் வந்தது. மாடி வீட்டில் ராத்திரி பதினோரு மணிக்கு மிக்ஸி ஓடுவது மட்டும் யார் காதிலும் விழாது. மூன்று மாதப் பராமரிப்புப் பணம் பாக்கி வைத்திருப்பவர்தான் புகாரில் முதல் கையெழுத்து!

பாய்லரைக் கடைசியில் செய்தால் போதும், கேபினுக்குள் பாதி மறைந்துவிடும்.