ராத்திரியில் கோட்டை காலியாகிறது என்று கேட்ட கோபித் தம்பிக்கு

கோட்டை கட்டி மற்ற ஆட்டக்காரர்களோடு மோதும் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்: விண்டர் இஸ் கமிங்' ஆட்டத்தை பிரவுசரில் ஆட ஆரம்பித்துப் பத்து நாள், தினமும் காலையில் எழுந்தால் உணவும் மரமும் சூறை போயிருக்கிறது, காசு போட்டால்தான் தப்பலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

வேண்டாமுங்க தம்பி. ஆட்டம் இலவசம், உங்கள் தூக்கம்தான் செலவு! நமக்கு நடுராத்திரி 2 மணி என்றால் லண்டனில் இரவு எட்டரை, ஒன்பதரை. அங்கே இருக்கும் ஆட்டக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வந்து உட்காரும் நேரம்.

ஈரோட்டு மண்டியில் விலை ஏறட்டும் என்று மஞ்சளைத் தேக்கி வைப்பது போல இங்கே சேர்த்து வைக்காதீர்கள். கொள்ளைக்காரன் பார்ப்பது உங்கள் பலத்தை அல்ல, கிடங்கை. படுக்கும் முன்பு இருப்பதையெல்லாம் செலவழியுங்கள்: நெடுநேரம் பிடிக்கும் கட்டட வேலை ஒன்று, மிச்சத்துக்குப் படைப் பயிற்சி. பரிசாக வந்த உணவு, மரப் பொட்டலங்களை மட்டும் பிரிக்காமல் பையிலேயே விடுங்கள். திருப்பூரில் நைட் ஷிப்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் ஒரு தடவை மொத்தத்தையும் பிரித்துப் போட்டுவிட்டுப் போனேன். விடிந்து வந்து பார்த்தால் ஆட்டை ஓட்டிப்போன பட்டி மாதிரி இருந்தது.

அப்புறம் கூட்டணி. தனியாக நிற்கும் கோட்டைதான் முதலில் அடிபடும். நம் ஊர் ஆட்களாகவே சேர்ந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில்தான் தூங்குவோம். வெளிநாட்டுக்காரர்கள் கலந்த கூட்டணியாகப் பாருங்கள்.

இது 2019ல் வந்த ஆட்டம். ஆட்டக்காரர்களைத் தனித்தனி உலகமாகப் பிரித்து வைப்பதுதான் சர்வர்; பழைய சர்வரில் சேர்ந்திருந்தால் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் நடுவில் இருப்பீர்கள். எந்த சர்வர் என்று சொல்லுங்கள், மேலே பார்க்கலாம்.