வாசகர் கேள்வி: களத்துமேட்டில் சாய அடுப்பு

எங்கள் மகளிர் குழுவில் முப்பது பேர். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து வெளியில் விறகடுப்பு மூட்டி, இலை, பட்டை, பூ போட்டுக் காய்ச்சி, அவரவர் துணிக்குச் சாயம் ஏற்றலாம் என்று பேசியிருக்கிறோம். ஒரே நாளில் முடியுமா? அறுவடை முடிந்த வயலில் அடுப்பு போடலாமா? (வாசகி, பாபநாசம் வட்டம்)

முடியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நடப்பது பாதி வேலைதான், மீதிப் பாதி வெள்ளியும் சனியும் முடிந்திருக்க வேண்டும். கூட்டமாகச் சேர்ந்து சாயம் காய்ச்சுகிற இடங்களில் எல்லோர் கண்ணும் அடுப்பு மேலேயே இருக்கிறது. புகையும் கொதியும் பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நிறம் நிற்குமா ஓடுமா என்பது அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே முடிவாகிவிடுகிற விஷயம்.

முதலில் துணி. புதுப் பருத்தித் துணியில் கஞ்சியும் எண்ணெய்ப் பிசுக்கும் இருக்கும். சலவை சோடா போட்ட தண்ணீரில் ஒரு மணி நேரம் கொதிக்கவிடுங்கள். வெள்ளைவெளேர் என்று வாங்கிய துண்டிலிருந்து டீ நிறத்தில் தண்ணீர் இறங்குவதைப் பார்த்தால் ஏன் சொல்கிறேன் என்று புரியும். நன்றாக அலசியபின் கடுக்காய். கொட்டை நீக்கிய கடுக்காய்த் தூள், ஒரு கிலோ துணிக்கு 150 முதல் 200 கிராம், வெந்நீரில் கரைத்து ராத்திரி முழுக்க ஊறவைத்து, பிழிந்து, அலசாமல் நிழலில் உலர்த்துங்கள். துணி லேசான சந்தன நிறத்துக்கு வந்திருக்கும். அடுத்தது படிகாரம், கிலோவுக்கு 150 கிராம், தனியாகச் சுடுதண்ணீரில் கரைத்தபிறகுதான் துணி உள்ளே போக வேண்டும். பருத்தி சாயத்தை அவ்வளவு சுலபத்தில் பிடித்துக்கொள்ளாது. கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்துவைக்கிறது, படிகாரம் சாயத்தைப் பிடித்துவைக்கிறது. இரண்டுமே நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். எடை எல்லாம் உலர்ந்த துணியின் எடைக்குத்தான், தராசில் நிறுத்துப் போடுங்கள், கண்ணளவு வேண்டாம்.

இன்னொன்று, "வீட்டிலிருந்து ஒரு துணி கொண்டு வாங்க" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பாதிப் பேர் பாலியஸ்டர் கலந்த துப்பட்டாவோடு வந்து நிற்பார்கள். பாலியஸ்டர் இழையில் இந்தச் சாயம் ஒட்டவே ஒட்டாது, சாயங்காலம் அவர்கள் முகத்தைப் பார்க்க முடியாது. சந்தேகமாக இருந்தால் ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வந்து சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகிக் குண்டுமணியாகக் கெட்டிப்படும். அதைவிட, குழுக் காசில் முப்பது கைத்தறித் துண்டு வாங்கி, மொத்தமாகத் தயார் செய்து ஆளுக்கொன்று கொடுத்துவிடுவது மேல்.

நிறத்துக்கு மூன்று அண்டா போதும், ஏழெட்டு என்று ஆசைப்படாதீர்கள். ஒன்றில் வெங்காயத் தோல். ஓட்டலிலும் மண்டியிலும் சொல்லிவைத்தால் சும்மாவே கொடுப்பார்கள், ஆனால் துணி எடையில் பாதியாவது வேண்டும், தோலுக்கு எடையே கிடையாது என்பதால் சாக்குக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். இரண்டாவதில் கோயில் மாலையிலிருந்து கழித்த செண்டுப்பூ. மூன்றாவது நம் ஊருக்கே உரியது, பலாமரத் தூள். தஞ்சாவூரில் வீணை செய்கிற பட்டறைகளில் பலாக் கட்டையைக் குடையும்போது விழுகிற தூளும் சீவலும்தான். முதல் நாளே ஊறவைத்துக் காய்ச்சினால் அருமையான மஞ்சள். பர்மா, தாய்லாந்து பக்கம் புத்த பிக்குகளின் காவி ஆடைக்குப் பலாக் கட்டையின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுக் கட்டையைத்தான் காலங்காலமாகக் காய்ச்சி வந்திருக்கிறார்கள்.

இந்த மூன்றையும் ஆறாக்க ஒரு வழி இருக்கிறது. ஓரமாக, அடுப்பே இல்லாமல், ஒரு பிளாஸ்டிக் வாளியில் அன்னபேதி (இரும்பு உப்பு) கரைத்து வையுங்கள், கிலோ துணிக்கு 20 கிராம் தாண்ட வேண்டாம், அதிகமானால் நாளடைவில் துணி இற்றுப்போகும். சாயம் ஏறிய மஞ்சள் துண்டின் ஒரு முனையை மட்டும் அதில் நனைத்துத் தூக்குங்கள். கண்ணெதிரே மஞ்சள் கலங்கி, பச்சையும் இல்லாமல் பழுப்பும் இல்லாமல் பாசி நிறத்துக்கு இறங்கும், அதிக நேரம் விட்டால் கருஞ்சாம்பல். அன்றைக்குப் பிள்ளைகள் கூட்டமெல்லாம் இந்த வாளியைச் சுற்றித்தான் நிற்கும். கையுறை போட்ட பெரியவர் ஒருவர் அங்கேயே இருக்கட்டும்.

வயலைப் பற்றிக் கேட்டீர்கள். சம்பா அறுத்த வயல் சும்மா கிடக்கிறது என்று யார் சொன்னது? மாசியில் அதில் உளுந்தோ பயறோ நிற்குமே! களத்துமேடு சரியான இடம். வைக்கோல் போர், கீற்றுக் கொட்டகை, காய்ந்த மட்டை தொங்குகிற தென்னை, இவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி, காற்றுப் போக்குப் பார்த்து அடுப்பு போடுங்கள். அடுப்புக்கு ஒரு குடம் தண்ணீரும் ஒரு ஆளும். நைலான் புடவை, தொங்கும் தாவணி யாரும் அடுப்புப் பக்கம் வரக் கூடாது.

பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும். நாச்சியார்கோவில் பித்தளை அண்டா எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், செம்பு கலந்த பாத்திரம் நிறத்தை மாற்றும், இரும்புச் சட்டி எல்லாவற்றையும் கறுக்கவைக்கும். சாயத்துக்கு எடுத்த அண்டா திரும்பச் சமையலுக்குப் போகக் கூடாது. துண்டு ஒன்று 200 கிராம் என்றால் முப்பதுக்கு ஆறு கிலோ, அண்டாவுக்கு இரண்டு கிலோ, கிலோவுக்கு 20 லிட்டர் தண்ணீர் கணக்கு. 40 லிட்டர் தண்ணீர் விறகில் சூடாக நேரம் எடுக்கும், காலை ஏழு மணிக்கே மூட்டிவிடுங்கள். தோலையும் பூவையும் ஒரு மணி நேரம் காய்ச்சி, பழைய வேட்டியில் வடிகட்டி, பிறகு துணி. உலர்ந்த துணியை அப்படியே போட்டால் திட்டுத்திட்டாகும், நனைத்துப் பிழிந்து போடுங்கள். துணி உள்ளே போனதும் விறகில் பாதியை வெளியே இழுத்துவிடுங்கள், தளதளவென்று கொதிக்க வேண்டியதில்லை, ஆவி பறந்தால் போதும். மூங்கில் கழியால் முக்கால் மணி நேரம் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முப்பது பேர் இருக்கிறீர்கள், முறை வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அப்படியே ஆறவிட்டு எடுத்து, அலசி, நிழலில் காயப்போடுங்கள்.

மஞ்சள் தூளில் சாயம் போட்ட சட்டை, சோப்பு பட்டதும் சிவந்துவிட்டது. வெயிலில் காயவைத்தால் வெளுக்கிறது. என்ன செய்யலாம்? (வாசகர், மன்னார்குடி)

ஒன்றும் செய்ய முடியாது, மஞ்சளின் குணமே அது. சோப்பு, சுண்ணாம்பு மாதிரிக் காரம் பட்டால் சிவக்கும், ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு போட்டதும் சிவப்பது எதனால் என்று நினைக்கிறீர்கள்? வெயிலுக்கும் அதன் நிறம் தாங்காது. பலாத் தூளுக்கு மாறுங்கள்.

கடலோர ஊர் எங்களுடையது. ஆழ்குழாய்த் தண்ணீரில் எந்தச் சாயம் போட்டாலும் மங்கிப்போகிறது. (வாசகி, வேதாரண்யம்)

தண்ணீரில் இரும்பு இருக்கலாம். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சிட்டிகை கடுக்காய்த் தூள் போட்டுக் கலக்குங்கள். மைபோல் கறுத்தால் இரும்புதான், அந்தத் தண்ணீரில் பளிச்சென்ற மஞ்சள் வரவே வராது. மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் அதை எடுங்கள், இல்லையென்றால் குளத்துத் தண்ணீரையும் இதேபோலச் சோதித்துப் பாருங்கள். வெறும் சுண்ணாம்புச் சத்து என்றால் பயப்பட வேண்டாம், வேர்களிலிருந்து எடுக்கிற சிவப்புக்கு அது நல்லதே. உங்கள் பக்கத்து மணலில் வளர்கிற இம்பூறலைத்தான் சாயவேர் என்பார்கள், சோழமண்டலக் கரையின் சிவப்புத் துணிகளுக்கு அதுதான் மூலம். அதிலிருந்து சிவப்பைத் தருகிற அலிசரின் என்ற பொருளை 1868-இல் ஜெர்மனியில் செயற்கையாகச் செய்துவிட்டார்கள், அதன்பிறகு வேரைத் தோண்டுவதற்கு ஆள் குறைந்துபோனது.

கோடாலிக்கருப்பூர்ப் புடவை மாதிரி ஒன்றை இப்படி ஒரு நாள் கூடலில் செய்து பார்க்க முடியுமா? (வாசகர், கும்பகோணம்)

முடியாது, ஆசைக்கு அளவு வேண்டாமா! தறியிலேயே சரிகை ஓட்டி நெய்து, அதன்மேல் சாயம் ஏறக் கூடாத இடத்தை மறைத்து, கையால் எழுதிச் சாயமிட்ட புடவை அது. தஞ்சை மராட்டிய அரண்மனைக்காகச் செய்தது, 1855-இல் அரசு ஆங்கிலேயர் கைக்குப் போனதும் வாங்குவதற்கு ஆளில்லாமல் போயிற்று. உங்களுக்குப் பக்கத்திலேயே சிக்கல்நாயக்கன்பேட்டை இருக்கிறது, கோயிலில் தொங்கவிடும் தொம்பை, மேலே கட்டும் விதானத் துணிகளில் கலம்காரி, அதாவது கையால் எழுதிச் சாயமிடும் ஓவியம், எழுதும் மரபுள்ள ஊர். கருப்பூர்க் கலம்காரி என்ற பெயருக்கு 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஒரு நாள் அங்கே போய் உட்கார்ந்து பாருங்கள், பாலும் கடுக்காயும் சேர்த்துத் துணியைப் பதப்படுத்துவதைப் பார்த்தாலே போதும். பாலில் இருக்கிற கொழுப்புதான் எழுதுகிற கோடு பரவாமல் காக்கிறது.

மீந்த சாயத் தண்ணீரை வாய்க்காலில் விடலாமா? இயற்கைச் சாயம்தானே? (வாசகர், திருவாரூர்)

விடாதீர்கள். திருப்பூர் வழியாக ஓடுகிற நொய்யல் ஆற்றில் சாயக் கழிவு இறங்கி, அது காவிரியில் கலந்து, கடைமடையில் இருக்கிற நாம் புலம்பியதெல்லாம் மறந்துவிட்டதா? 2011-இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்குப் போனது. உங்கள் அண்டா அந்த அளவுக்கு இல்லைதான், ஆனாலும் படிகாரத் தண்ணீர் புளிப்புத்தன்மை உள்ளது, வாய்க்கால் மீனுக்கு ஆகாது. நிறையத் தண்ணீர் சேர்த்து வெறும் மண்ணில் பரவலாக ஊற்றுங்கள். தோலும் பூவும் எருக்குழிக்கு. மயில்துத்தம் (செம்பு உப்பு) போட்டால் பச்சை வரும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது விஷம், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கிறது என்பதால் நல்லதாகிவிடாது.

நீலம் ஏன் உங்கள் பட்டியலில் இல்லை? (அதே வாசகி, பாபநாசம் வட்டம்)

நீலம் தருகிற அவுரிச் செடிக்கு அடுப்பு வேண்டாம் என்பதால்தான். அது தொட்டியில் சுண்ணாம்பும் வெல்லமும் சேர்த்துப் புளிக்கவைக்கிற சமாச்சாரம். துணி பச்சையாக வெளியே வந்து காற்றுப் பட்டபிறகே நீலமாகும். தொட்டி பதமாக நாள் கணக்கில் ஆகும், தினமும் கிளறிப் பார்க்க ஆள் வேண்டும். திண்டிவனம் பக்கம் இன்னும் அவுரி பயிரிடுகிறார்கள், கட்டி வாங்கலாம். மாசியில் மஞ்சளையும் பாசியையும் முடியுங்கள், குழுவில் பொறுமைசாலிகள் இரண்டு பேர் தேறினால் பங்குனியில் தொட்டி கட்டுவதைப் பற்றி எழுதுகிறேன்.