கிராஸ் ஸ்கிரிப்டில் ஃபைல் பாதையைக் கண்டுபிடிப்பது எப்படி? கேள்வி பதில்

குமரி மாவட்டத்தில் கிராஸ் ஜிஐஎஸ் (வரைபடத் தரவுகளை ஆராயும் கணினி மென்பொருள்) வைத்து வேலை செய்பவர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். டெர்மினலில் ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தக்கலை, கல்லூரி மாணவி: அண்ணா, பேச்சிப்பாறை அணையின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் (டெர்மினல் கட்டளைகளை வரிசையா எழுதிய ஃபைல்) எழுதினேன். என் லேப்டாப்பில் ஓடுது. காலேஜ் லேப்ல போட்டா 'ஃபைல் இல்லை'ன்னு நின்னுடுது.

ஸ்கிரிப்டைப் பார்த்தேன்மா. ஆரம்பத்திலேயே உங்க லேப்டாப்போட ஹோம் ஃபோல்டர் பாதையை முழுசா எழுதி வச்சிருக்கீங்க. லேப் மெஷின்ல அந்தப் பேர்ல யூசரே கிடையாது.

கிராஸ் தன் டேட்டாவை மூணு அடுக்கா வைக்கும். மேல டேட்டாபேஸ் ஃபோல்டர், அதுக்குள்ள லொக்கேஷன் (8.4 பதிப்பிலிருந்து இதுக்கு ப்ராஜெக்ட்னு பேர்), அதுக்குள்ள மேப்செட். இப்ப எந்த மூணு திறந்திருக்குன்னு கிராஸுக்குத் தெரியும், அதுகிட்டயே கேட்டுடுங்க. 'ஜி.ஜிஸ்என்வ்' அடிச்சா மூணும் வரும். ஸ்கிரிப்டுக்குள்ள இப்படிப் போடுங்க:

ஈவால் $(ஜி.ஜிஸ்என்வ்)

இதுக்கப்புறம் ஜிஸ்டிபேஸ், லொக்கேஷன்_நேம், மேப்செட் மூணும் ஷெல் மாறிகளாக் கிடைக்கும். இந்த மூணு பேரும் பெரிய எழுத்துல. நடுவுல சாய்கோடு போட்டுச் சேர்த்தா மேப்செட்டின் முழுப் பாதை. 8.4-லயும் மாறியின் பேர் லொக்கேஷன்_நேம்தான், குழம்பிடாதீங்க.

ஒரு குறிப்பிட்ட ராஸ்டர் (கட்டம் கட்டமா மதிப்பு வைக்கிற மேப்) எங்கே இருக்குன்னு தெரியணும்னா:

ஈவால் $(ஜி.ஃபைண்ட்ஃபைல் எலிமென்ட்=செல் ஃபைல்=உயரம்)

இது நேம், மேப்செட், ஃபுல்நேம், ஃபைல்னு நாலு மாறி தரும், நாலும் சின்ன எழுத்து. மேப் இல்லைன்னா $ஃபைல் காலியா இருக்கும். அதைச் சோதிச்சு, காலின்னா அங்கேயே ஸ்கிரிப்டை நிறுத்திடுங்க. இந்தச் சோதனை இல்லாத ஸ்கிரிப்டை நான் யாருக்கும் கொடுக்க மாட்டேன். காலிப் பாதையை வச்சுக்கிட்டு கீழே ஒரு 'ஆர்எம்' (ஃபைலை அழிக்கிற கட்டளை) ஓடினா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

இன்னொண்ணு. இந்தக் கட்டளை முதல்ல இப்ப திறந்திருக்கிற மேப்செட்டிலும், பிறகு தேடல் வரிசையில் இருக்கிற பெர்மனென்ட் மாதிரி மேப்செட்டிலும் பார்க்கும். ரெண்டிலும் ஒரே பேர்ல மேப் இருந்தா முதல்ல கிடைச்சதைத்தான் சொல்லும். பெர்மனென்ட்ல உள்ளதுதான் வேணும்னா மேப் பேரோட '@' போட்டு மேப்செட் பேரையும் எழுதுங்க, பெர்மனென்ட் பெரிய எழுத்துல.

மார்த்தாண்டம்: அண்ணே, சரிவு மேப்பின் பாதையைக் கண்டுபிடிச்சு 'எல்எஸ்' போட்டேன். செல் ஃபோல்டர்ல அந்த ஃபைல் 0 பைட்! டேட்டா போயிடுச்சா?

போகலை தம்பி, பயப்படாதீங்க. சரிவு தசம எண். தசம எண் உள்ள ராஸ்டரின் உண்மையான மதிப்புகள் எஃப்செல் ஃபோல்டர்ல இருக்கும். செல் ஃபோல்டர்ல அதே பேர்ல ஒரு காலி ஃபைல் மட்டும் கிடக்கும். எல்லைகளும் செல் அளவும் செல்ஹெச்டி-யில், நிறம் கலர் ஃபோல்டர்ல, இன்னும் சில விவரங்கள் செல்_மிஸ்க்-ல. ஒரு மேப் இத்தனை ஃபோல்டர்ல பரவிக் கிடக்கு.

அதனால பாதை கிடைச்சிடுச்சேன்னு அந்த ஒரு ஃபைலை மட்டும் 'சிபி' போட்டு நகல் எடுக்காதீங்க. அதே லொக்கேஷனுக்குள்ள நகலெடுக்க ஜி.காப்பி. வேற மெஷினுக்கு அனுப்ப ஆர்.பேக், அங்கே பிரிக்க ஆர்.அன்பேக். ரெண்டு பக்கமும் ஒரே ப்ரொஜெக்‌ஷன் இருக்கணும். குமரி மாவட்டத்துக்கு யூடிஎம் 43 வடக்கு, இபிஎஸ்ஜி எண் 32643. நீங்க அதுல வச்சு, நண்பர் அட்சரேகை தீர்க்கரேகையில வச்சிருந்தா அன்பேக் மறுத்துடும்.

சுசீந்திரம், ஓய்வுபெற்ற பொறியாளர்: தம்பி, தேரூர்ப் பக்கத்துக் குளங்களின் எல்லையை வரைந்து, வெக்டர் (கோடுகளாக வரைந்த மேப்) ஃபோல்டரைப் பேரனுக்கு அனுப்பினேன். கோடுகள் வருதாம், குளத்தின் பேரும் பரப்பும் வரவில்லையாம்.

சார், கோடுகள் மட்டும்தான் வெக்டர் ஃபோல்டருக்குள்ள. கிராஸ் 7-லிருந்து பேரும் பரப்பும் உள்ள அட்டவணை தனியா, மேப்செட்டுக்குள்ள எஸ்க்யூலைட் ஃபோல்டர்ல 'எஸ்க்யூலைட்.டிபி'ங்கிற ஃபைல்ல இருக்கும். எல்லா வெக்டருக்கும் சேர்த்து அந்த ஒரே ஃபைல்தான். உங்க மேப்பின் அட்டவணை எங்கே இருக்குன்னு பார்க்க 'வி.டிபி.கனெக்ட் -பி' (பிரிண்ட்டோட முதல் எழுத்து), கூடவே மேப் பேர். அனுப்புறதுக்கு வி.பேக் பயன்படுத்துங்க சார், அட்டவணையும் சேர்ந்தே போயிடும்.

குளச்சல்: ஆர்.எக்ஸ்டெர்னல் வச்சு உயர மேப்பை இணைச்சேன். பென்டிரைவைக் கழட்டினதும் மேப் திறக்கலை.

அந்தக் கட்டளை டேட்டாவை உள்ளே கொண்டுவராது, மூல ஃபைலின் பாதையை மட்டும் குறிச்சு வைக்கும். மேப்செட்டுக்குள்ள செல்_மிஸ்க், அதுக்குள்ள உங்க மேப் பேர், அதுக்குள்ள 'ஜிடால்'னு ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைல். 'கேட்' போட்டுப் பாருங்க, பென்டிரைவ் பாதை அப்படியே இருக்கும். எஸ்ஆர்டிஎம் உயரத் தரவுல நம்ம மாவட்டம் முழுசும் என்08இ077-ங்கிற ஒரே டைல்ல அடங்கிடுது. அந்தச் சின்ன ஃபைலுக்கு இணைப்பு வேண்டாம், ஆர்.இன்.ஜிடால் போட்டு உள்ளேயே இறக்கிடுங்க.

நாகர்கோவில்: ஃபோல்டர் பேர்ல இடைவெளி இருந்தா ஸ்கிரிப்ட் உடையுதே?

மாறி வர்ற இடமெல்லாம் இரட்டை மேற்கோள் போடுங்க. வேற மருந்து தேவையில்லை.

ஆரல்வாய்மொழி: ராத்திரி கிரான்ல (குறிச்ச நேரத்துல தானா ஓடவைக்கிற வசதி) ஓடவிட்டா ஜி.ஜிஸ்என்வ் கட்டளையே இல்லைங்குது.

அது கிராஸுக்குள்ள மட்டும் ஓடுற கட்டளை. உள்ளே நுழைஞ்சதும்தான் ஜிஸ்ஆர்சி-ங்கிற சூழல் மாறி அமையும், அதை வச்சுத்தான் மூணு அடுக்கும் தெரியும். கிரானுக்கு அது எதுவும் தெரியாது. கிரான் வரியில கிராஸின் முழுப் பாதை, மேப்செட்டின் முழுப் பாதை, '--எக்ஸெக்', பிறகு 'எஸ்ஹெச்', உங்க ஸ்கிரிப்டின் முழுப் பாதைன்னு இந்த வரிசையில எழுதுங்க. கிராஸ் எங்கே இருக்குன்னு 'விச் கிராஸ்' சொல்லிடும். முழுப் பாதையைக் கையால எழுத வேண்டிய இடம் இது ஒண்ணுதான். ஸ்கிரிப்டுக்குள்ள போனதும் பழையபடி ஈவால் வரியே போதும்.