வெயில் ஊரில் வாசல் ஓரம் என்ன செடி வைக்கலாம், எப்போது நடலாம்?

மதுரைப் பக்கம் புது வீடு, வாசல் ஓரம் நாலடி அகலத்துக்கு மண், நர்சரியில் வாங்கி வைப்பதெல்லாம் சித்திரை வெயிலில் கருகிவிடுகிறது, என்ன செடி வைக்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

செடியை அப்புறம் பார்ப்போம், முதலில் நடுகிற மாதத்தை மாற்றுங்கள். தை மாசியில் வெயில் இதமாக இருக்கிறதே என்று பலரும் அப்போதுதான் நர்சரிக்குப் போகிறார்கள். வேர் கீழே இறங்குவதற்குள் பங்குனி வந்துவிடும். நம் பக்கம் புதர்ச்செடி நட ஏற்ற காலம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும்தான். வடகிழக்குப் பருவமழை டிசம்பர் வரை தண்ணீர் ஊற்றிவிடும். கத்திரி வருவதற்குள் வேருக்கு ஐந்தாறு மாதம் கிடைக்கும்.

வெயில் நேராக அடிக்கிற இடத்துக்கு என் முதல் ஓட்டு ஆவாரைக்கு. கொங்குப் பக்கம் பொங்கல் காப்புக் கட்ட வேப்பிலை, பூளைப்பூவோடு சேர்ப்பார்களே, அதே ஆவாரைதான். இதைச் செடியாகத் தேட வேண்டாம். ஆணிவேர் ஆழமாக ஓடுவதால் பிடுங்கி நட்டால் பிழைப்பது சிரமம். முற்றிய நெற்றிலிருந்து விதை எடுங்கள். தோல் கெட்டியாக இருக்கும். உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ராத்திரி முழுக்க ஊறவைத்து, நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றிவிடுங்கள். வளர்ந்தபின் இலையில் பச்சைப் புழு மேயும். மருந்து அடிக்காதீர்கள், அவை பட்டாம்பூச்சி ஆகப்போகிறவை. இலை திரும்பத் துளிர்த்துவிடும்.

வேலி ஓரத்துக்கு நொச்சி. ஆடு மாடு வாய் வைக்காது. மழைக்காலத்தில் விரல் தடிமன் குச்சியை ஒடித்து நட்டாலே வேர் பிடிக்கும், காசே செலவில்லை. விட்டால் மரம் மாதிரி ஏறிவிடும், அதனால் ஆடியில் இடுப்பளவுக்குக் கவாத்து செய்துவிடுங்கள். வெட்டிய தழை வீணாகாது, சளிக்கு ஆவி பிடிக்க அக்கம்பக்கத்திலேயே கேட்டு வருவார்கள்.

மதியத்துக்கு மேல் நிழல் விழும் மூலை இருந்தால் கனகாம்பரம். காய்ந்த கதிரில் தண்ணீர் பட்டதும் காய் படபடவென்று வெடித்து விதை சிதறும், அடுத்த மழையில் தானே முளைக்கும். வெட்சியும் அழகுதான், ஆனால் உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் வேண்டாம். கொஞ்சம் புளிப்பான மண் கேட்கிற செடி அது. சுண்ணாம்பு மண்ணிலும் உப்புத் தண்ணீரிலும் நரம்பு மட்டும் பச்சையாக இருக்க, இலை மஞ்சளாகிவிடும்.

முதல் கோடைக்கு மட்டும் தூரைச் சுற்றிக் காய்ந்த சருகை நாலு விரல் கனத்துக்குப் போட்டு, தண்டை ஒட்டாமல் தள்ளி வையுங்கள். தினமும் ஒரு சொம்பு ஊற்றினால் வேர் மேலாகவே நின்றுவிடும். வாரம் இரண்டு தடவை மண் நன்றாக நனைய ஊற்றினால் போதும்.

வெயில் தாங்கும் என்று சொல்லி நர்சரியில் கலர் கலராக உண்ணிச்செடி காட்டுவார்கள். தாங்கும்தான். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து முதுமலைக் காடு வரை பரவிக் கிடப்பதும் அதுதான். சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.