கூலன்ட் குறைந்தால் குழாய்த் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: என்னுடையது 8 வருடம் ஓடிய சின்ன பெட்ரோல் கார். ரிசர்வ் டேங்கில் கூலன்ட் ‘லோ’ கோட்டுக்கு ஒரு விரல் கீழே இருக்கிறது. “நம்ம ஊர்ல பனியா கொட்டுது? பைப் தண்ணியே போதும்” என்கிறார் மெக்கானிக். பச்சை நிற கூலன்ட் 1 லிட்டர் வாங்கி வைத்திருக்கிறேன். எதை, எவ்வளவு ஊற்றுவது?

பதில்: குழாய்த் தண்ணீர் வேண்டாம். குளிரில் உறையாமல் காப்பது கூலன்ட் செய்யும் வேலைகளில் ஒன்றுதான். நம் ஊருக்கு முக்கியமானவை மற்ற இரண்டு. முதலாவது, கொதிநிலையை உயர்த்துவது. கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைகாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால், ரேடியேட்டர் மூடி தாங்கும் அழுத்தத்தில் சுமார் 129 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. இரண்டாவது, அதில் இருக்கும் துரு தடுப்பு ரசாயனங்கள். இன்றைய ரேடியேட்டரும் சிலிண்டர் ஹெட்டும் அலுமினியம். போர் தண்ணீரில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். கால்சியமும் மக்னீசியமும் ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களில் உப்பாகப் படியும். வெந்நீர் போடும் ஹீட்டர் ராடில் வெள்ளையாகப் பிடிக்கிறதே, அதே படிவுதான்.

ஊற்றுமுன் உங்கள் பாட்டிலின் லேபிளைப் பாருங்கள். ‘ரெடி டு யூஸ்’ என்றிருந்தால் அப்படியே ஊற்றலாம். ‘கான்சன்ட்ரேட்’ என்றால் டிஸ்டில்டு வாட்டர் கலக்க வேண்டும். விகிதம் லேபிளிலும் கார் மேனுவலிலும் இருக்கும். இரண்டும் வேறுபட்டால் மேனுவல் சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரே போதும். கடையில் பேட்டரி ஆசிட்டைத் தவறி எடுத்துவிடாதீர்கள். கான்சன்ட்ரேட்டை நீர்க்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைப்பதும் தவறு. வெப்பத்தைச் சுமப்பதில் கிளைகாலை விடத் தண்ணீர்தான் கெட்டி.

நிறத்தை நம்ப வேண்டாம். அது வெறும் சாயம். இன்ன நிறம் இன்ன வகை என்று பொது விதி கிடையாது. டொயோட்டாவின் சூப்பர் லாங் லைஃப் கூலன்ட் இளஞ்சிவப்பு, ஹோண்டாவின் டைப் 2 நீலம். பச்சையிலேயே ஒன்றோடொன்று சேராத வகைகள் உண்டு. சேராதவற்றைக் கலந்தால் துரு தடுப்பு சீக்கிரம் தீர்ந்துவிடும், சில சமயம் கூழாகி அடைக்கும். மேனுவலில் போட்டிருக்கும் வகையோடு உங்கள் பாட்டில் பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அவசரத்துக்குச் சரியான கூலன்ட் கிடைக்காதபோது, வேறு வகையை ஊற்றுவதை விட 200 மி.லி. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது பாதுகாப்பு.

இனி ஊற்றும் முறை. காரைச் சமதளத்தில் நிறுத்தி, எஞ்சின் முழுக்க ஆறட்டும். ஒரு மணி நேரமாவது விடுங்கள், காலையில் வண்டி எடுக்கும் முன் செய்தால் இன்னும் நல்லது. ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் துணி வைத்து அமுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது, மூடியைத் தொடக் கூடாது. சூடாக இருக்கும்போது திறந்தால் கொதிக்கும் கூலன்ட் முகத்தில் பீய்ச்சும். கண்ணாடி கழுவும் வாஷர் டேங்கும் பக்கத்திலேயே இருக்கும். எது எது என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

‘லோ’வுக்கும் ‘ஃபுல்’லுக்கும் இடையே பெரும்பாலும் 200 முதல் 400 மி.லி. வரைதான் பிடிக்கும். கலவை பாதிக்குப் பாதி என்றால் 150 மி.லி. கான்சன்ட்ரேட், 150 மி.லி. டிஸ்டில்டு வாட்டர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். ‘ஃபுல்’ கோட்டைத் தாண்ட வேண்டாம். சூட்டில் திரவம் விரியும். மிச்சம் ஓவர்ஃப்ளோ குழாய் வழியே வழிந்து, லீக் என்று உங்களைப் பயமுறுத்தும்.

ரேடியேட்டருக்கென்று தனி மூடி இருக்கும் கார் என்றால், எஞ்சின் குளிர்ந்த நிலையில் அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். திரவம் கழுத்து வரை நிற்க வேண்டும். சூட்டில் ரிசர்வ் டேங்குக்குப் போன கூலன்டை ஆறும்போது திரும்ப இழுக்கவிடுவது இந்த மூடியில் இருக்கும் சின்ன வால்வு. அது ஒட்டிக்கொண்டால் டேங்க் நிறைந்திருக்கும், ரேடியேட்டர் குறைந்திருக்கும். ஆறிய எஞ்சினில் மேல் ஹோஸ் சப்பிப் போயிருக்கும். அப்போது மூடியை மாற்றிவிடுங்கள். அதே பிரஷர் அளவு, 0.9 அல்லது 1.1 பார் என்று, பழைய மூடியிலேயே அச்சிட்டிருக்கும்.

ஊற்றிய பிறகு டேங்கின் வெளியே மார்க்கரால் கோடு போட்டு, ஒரு வாரம் காலையில் பாருங்கள். 8 வருடத்தில் சிறிது இறங்குவது இயல்பு. வாரத்துக்கு ஒரு விரல் இறங்கினால் லீக் இருக்கிறது. ஹோஸ் கிளாம்ப், ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு சேரும் விளிம்பு, வாட்டர் பம்பின் அடியில் இருக்கும் சிறு துளை ஆகிய மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றில் காய்ந்த வெள்ளை அல்லது நிறக் கறை தெரிகிறதா என்று பாருங்கள். முன்சீட் கால்மிதி நனைந்து இனிப்பு வாசனை வந்தால், காருக்குள் சூடான காற்று தரும் சின்ன ரேடியேட்டரான ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. வெளியே எங்கும் கறை இல்லை, ஆனால் ஆயில் டிப்ஸ்டிக்கில் பால் கலந்த டீ போல் தெரிகிறது, அல்லது சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்கவில்லை என்றால் ஹெட் கேஸ்கெட்டை (சிலிண்டர் ஹெட்டுக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே இருக்கும் அடைப்புத் தகடு) சந்தேகியுங்கள். வண்டியை ஓட்டாமல் டோ செய்து கொண்டுபோங்கள்.

லீக்கைச் சரிசெய்யாமல் தண்ணீரை மட்டும் ஊற்றி வந்தால் கணக்கு இப்படிப் போகும்: மொத்தம் 5 லிட்டர் பிடிக்கும் எஞ்சினில் 1 லிட்டர் குறைந்து, அதற்குத் தண்ணீர் ஊற்றினால் 50 சதவீதம் இருந்த கிளைகால் 40 ஆகும், இன்னொரு முறை ஊற்றினால் 32.

டேங்க் முழுக்க வற்றியிருந்தால் மேலே சொன்னது போதாது. உள்ளே காற்று புகுந்திருக்கும், மேனுவல் சொல்லும் முறைப்படி காற்றை வெளியேற்ற வேண்டும். அந்த நிலையில் டெம்பரேச்சர் முள்ளையும் நம்ப முடியாது: சென்சார் திரவத்தில் நனைந்திருந்தால்தான் சரியாகக் காட்டும், காற்றில் நின்றால் எஞ்சின் வேகும்போதும் முள் கீழேயே கிடக்கலாம். சூடான எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம் அல்லது வளையலாம்.

மிச்சமுள்ள கூலன்டைக் குடிதண்ணீர் பாட்டிலில் வைக்காதீர்கள். லேசாக இனிக்கும், குழந்தையோ தெருநாயோ கொஞ்சம் குடித்தாலே சிறுநீரகம் போய்விடலாம். தரையில் சிந்தியதை உடனே துடைத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.